பத்துக் கிலோ டார்க் சாக்லேட்

அந்த டப்பாவைச் சித்தெ உங்க மடியில வச்சுக்கறீங்களா தம்பி? கீழ வச்சா இன்ஜின் சூட்டுல உருகிப் போயிரும். மேல வச்சா வளைவுல உருண்டு வந்து யாரு மண்டையிலயாவது விழுகும். எனக்கு ரெண்டு கையும் கம்பியைப் பிடிக்கோணும். எறக்கத்துல தலை சுத்துது. மேட்டுப்பாளையந்தான? நானும் அங்கதான்.

சாக்லேட்டுங்க. கடையில வாங்குனது இல்லை. என்ற சம்சாரம் பண்ணுனது. பேத்திக்குக் குடுத்து உட்டிருக்கறா.

ஒண்ணு கேக்கறன், சிரிக்கக் கூடாது. உங்க ஊட்ல பத்துக் கிலோ டார்க் சாக்லேட் இருந்தா என்ன பண்ணுவீங்க? அரைக் கிலோ கட்டியா இருவது கட்டி. பால் சேராதது, சக்கரை கம்மி. அடுப்புப் பத்த வைக்கத் தெரியாத ஒரு ஆளு, அறுவத்திரண்டு வயசு ஆளு, அதை எப்படித் தீக்கறது?

சிரிக்காதீங்கன்னனே.

நான் தீத்தனுங்க. ஆறு மாசத்துல ஒரு துண்டு வீணாக்காம தீத்தன். சொல்றன் கேளுங்க, உங்களுக்கு எப்பவாவது உதவும். பேச்சுக் குடுத்தா எனக்கும் வாந்தி வராது.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. திருப்பூரு. முப்பத்தஞ்சு வருசம் பனியன் கம்பெனியில செக்கிங் மாஸ்டர். அப்படீன்னா என்னன்னா, தச்சு முடிச்ச துணி மேசைக்கு வரும். கழுத்து, கை, ஓரம், எல்லாம் திருப்பித் திருப்பிப் பாக்கோணும். நூல் பிரிஞ்சிருந்தா, ஒரு எண்ணெய்ச் சொட்டு இருந்தா, அந்த எடத்துல ஒரு செகப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். ஒட்டித் தூக்கிப் போட்டுருவோம். என்ற கண்ணுக்குத் தப்புனது ஒண்ணும் கிடையாதுங்க. ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ். மொதலாளி வெளிநாட்டுக்காரனைக் கூட்டிட்டு வந்து என்னையத்தான் காட்டுவாரு.

நல்லா இருக்கற பீஸுக்கா? அதுக்கு ஸ்டிக்கர் இல்லீங்க. அது பேசாம அந்தப் பக்கம் போயிரும்.

சரி, சாக்லேட்டுக்கு வாறன். மொதல்ல உருக்கோணும். எல்லாரும் பண்ற தப்பு, சட்டியை நேரா அடுப்புல வைக்கறது. அடி பிடிச்சு மண்ணாட்டம் ஆயிரும். ஒரு சட்டியில ரெண்டு வெரக்கடை தண்ணி. அதுக்கு மேல ஒரு கிண்ணம். கிண்ணத்தோட அடி தண்ணியில படக் கூடாது, ஆவி மட்டும் பட்டாப் போதும். அடுப்பைச் சிம்முல வச்சு, சாக்லேட்டைப் பொடிசா வெட்டிப் போட்டுக் கிளறிட்டே இருக்கோணும். முக்காவாசி உருகுனதும் எறக்கிரோணும். மீதி அந்தச் சூட்டுலயே உருகிரும். இத்தனையும் அவ சொன்னதுங்க. போன்ல.

அவ பேரு சுலோச்சனா. கலியாணம் ஆகி முப்பத்தி நாலு வருசம். ஒரு நாள் கை நீட்டியிருக்கனா? கிடையாது. ஒரு கெட்ட வார்த்தை? கிடையாது. சம்பளத்தைக் கவரோட அவ கையிலதான் குடுப்பன். சோத்துல உக்காந்தா மட்டும், "ரசத்துல புளி துளி ஏறிப் போச்சு அம்மிணி", "பொரியல்ல உப்பு ஒரு கல்லு கம்மி." அம்புட்டுத்தான் சொல்லுவன். அது வையறதா? சொன்னாத்தான நாளைக்குச் சரியா வரும்? ஒண்ணும் சொல்லலீன்னா நல்லா இருக்குதுன்னு அர்த்தம். அது அவளுக்குத் தெரியாதா? முப்பத்தி நாலு வருசம் கூட இருந்தவளுக்கு?

பையன் பேரு கதிர்வேல். அவினாசி ரோட்டுப் பக்கம் புதுசா ஊடு கட்டுனான். அந்தச் சமயத்துல இவ பக்கத்துத் தெருவுல ஏதோ சாக்லேட் கிளாஸுன்னு போக ஆரம்பிச்சா. அம்பத்தேழு வயசுல. எங்கிட்டக் கேக்கலை. சரி, போகட்டும்னு உட்டுட்டன். அப்புறம் ஒரு நாள் மொத்தக் கடையிலிருந்து ஆட்டோவுல பெட்டி பெட்டியா எறங்குது. "கிரகப்பிரவேசத்துக்குத் தாம்பூலப் பையில நானே சாக்லேட் பண்ணிப் போடறனுங்க"ன்னு சொன்னா. ரெண்டு வாரம் ஊடே மணத்துக் கிடந்துச்சு. அச்சுல ஊத்தறா, தட்டறா, தங்கக் காயிதத்துல சுத்தறா. இரநூறு பையிங்க. பைக்கு நாலு.

தேங்காய், வெத்தலை, பாக்கு, மஞ்சள், கூடவே இது. நீங்களே சொல்லுங்க, தாம்பூலப் பையில கசக்கற பண்டம் போடலாமா? நல்ல காரியம். பங்காளிங்க, ஒறம்பரைங்க அத்தனை பேரும் வாறாங்க. எங்க பெரியப்பன் மகன் ஒருத்தன் இருக்கறான், கோவிந்தசாமின்னு. "புது ஊட்டுக்குக் கூப்புட்டுக் கசப்பைக் குடுத்து உட்டான்"னு பத்து வருசத்துக்குச் சொல்லிட்டுத் திரிவான். அவ பேரு கெடுமே. அவளுக்காகத்தானுங்க பண்ணுனன்.

என்ன பண்ணுனனா? காத்தால பால் காய்ச்ச எல்லாரும் உள்ள போயிட்டாங்க. அவளும் பையன் பக்கத்துல உக்காந்திருந்தா. நானு பைகளைப் பிரிச்சு, சாக்லேட்டை எடுத்துட்டு, பைக்கு ரெண்டு லட்டு வச்சுட்டன். லட்டு முந்தின நாளே சொல்லி வச்சது. சாக்லேட்டை மூட்டையாக் கட்டிக் கார் டிக்கியில போட்டுட்டன். வெயில்ல அது பூராவும் காயிதத்தோட உருகி ஒண்ணாப் போச்சு.

அவகிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தன். விசேசத்துல எங்க நேரம் கிடைச்சுது?

அவ வாசல்ல நின்னுட்டாளுங்க. பட்டுச் சேலை கட்டிட்டு. ஒவ்வொருத்தருக்கும் அவ கையால பையைக் குடுத்து, "உள்ள சாக்லேட் இருக்குது, நானே பண்ணுனன், சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க"ன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தா. நூறு பேருக்கு மேல குடுத்திருப்பா. கிட்டப் போயிச் சொல்லலாம்னா அவ மூஞ்சி அப்படி இருந்துச்சு. கலியாணத்தன்னிக்குக் கூட அவளை நான் அப்படிப் பாத்ததில்லை. கால் நகரலீங்க.

ஒரு சின்னப் புள்ளை அங்கயே பையைப் பிரிச்சுட்டு, "ஆத்தா, இதுல லட்டுல்ல இருக்குது"ன்னு சொன்னா. கோவிந்தசாமி சிரிச்சுட்டு, "என்ன சுலோச்சனா, உன்ற சாக்லேட்டு ஒரே மஞ்சளா இருக்குது"ன்னான். இவ பையை வாங்கிப் பாத்தா. அப்புறம் என்னையப் பாத்தா. மீதி இருந்த பையெல்லாம் குடுத்து முடிச்சா. வாய்க்குள்ள சிரிச்ச மாதிரியே குடுத்து முடிச்சா.

சண்டை போடுவான்னு நினைச்சன். போட்டிருந்தாத் தேவலை. பத்து நாள் எப்பவும் போல ஆக்கிப் போட்டா. அப்புறம் ஒரு நாள் துணியெல்லாம் மடிச்சு வச்சா. "வத்சலா ஊட்டுக்குப் போறனுங்க. அங்க குளுருல சாக்லேட் நல்லா வருமாம்"னா. வத்சலா என்ற கொழுந்தியா, இவளுக்குத் தங்கச்சி, கோத்தகிரியில இருக்கறா. சரி, ஒரு வாரம் இருந்துட்டு வரட்டும்னு நானே மேட்டுப்பாளையம் வந்து பஸ் ஏத்தி உட்டன். இதே பஸ்ஸுதானுங்க. பையைத் தூக்கிட்டு வந்து, சன்னலோர சீட்டாப் பாத்து உக்கார வச்சன்.

அது மாசி மாசம். இப்ப ஆவணி.

பிரிட்ஜைத் தொறந்தாப் பாதி எடத்துக்கு அந்தக் கட்டிங்க. வாங்குனதுல பாதியைக் கூட அவ தொடலை. ஒரு நாள் பிரிச்சுப் பாத்தா மேல வெள்ளையாப் பூத்திருக்குது. பூஞ்சை பிடிச்சுப் போச்சுன்னு நினைச்சன். போன் போட்டன். போய் ஒரு மாசத்துக்கு அப்புறம் மொதல் போனு. "உன்ற சாக்லேட்டு கெட்டுப் போச்சு அம்மிணி, எடுத்துக் கொட்டீரட்டுமா?"ன்னன். அப்புறம் சொல்றா, "பூஞ்சை இல்லீங்க. அதுல இருக்கற நெய் மேல வந்து நிக்குது. உருக்குனாச் சரியாப் போயிரும். பயப்படாதீங்க." அந்தப் பயப்படாதீங்கங்கறதை அவ சொன்ன விதம் இருக்குதே. எனக்கு ராத்திரியெல்லாம் காதுக்குள்ளயே இருந்துச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு கட்டியை உருக்குனன். தட்டை வச்சு மூடுனன், நம்ம கொழம்புக்கு மூடற மாதிரி. தட்டுல இருந்த ஆவித் தண்ணி ஒரு சொட்டு உள்ள உழுந்துது. அவ்வளவுதான், மினுமினுன்னு இருந்தது ஈர மண்ணாட்டம் இறுகிப் போச்சு. மறுக்கா போன். "தூக்கிப் போட வேண்டாங்க. சூடான பாலைத் துளித் துளியா ஊத்தி அடிங்க. கொழம்பாட்டம் வரும். காத்தால பாலுல ரெண்டு கரண்டி கலக்கிக் குடிச்சுக்கலாம்"னா. அடிச்சன், வந்துச்சு. ஒரு வாரம் குடிச்சன்.

அப்படியே வாராவாரம் ஒண்ணு. நல்லாக் கேட்டுக்கங்க, ஒண்ணும் தெரியாதவங்களுக்கு இதைவிட லேசு கிடையாது. வறுத்த நெலக்கடலை, தோலை ஊதிட்டு, உருக்குனதுல கொட்டிப் பொரட்டிக் கரண்டி கரண்டியா வெண்ணெய்க் காயிதத்துல வச்சுட்டா ஆறுனதும் கெட்டியாயிரும். கடலைக்குப் பதிலாப் பொரி போட்டா கசப்பு அத்தனை தெரியாது, புள்ளைங்க திங்கும். பேரீச்சம்பழத்துல கொட்டையை எடுத்துட்டு ஒரு முந்திரியைச் சொருகி முக்கி எடுத்தா, எங்க காம்பவுண்டுல சண்டை போட்டுத் திங்கறாங்க. கடையில பாக்கெட் கிரீம் விக்குது பாருங்க, சாக்லேட்டு ரெண்டு பங்குன்னா அது ஒரு பங்கு. காய்ச்சி, வெட்டுன சாக்லேட்டு மேல ஊத்திட்டு, உடனே கிளறாம ரெண்டு நிமிசம் சும்மா உடோணும். அப்புறம் நடுவுலயிருந்து கிளறி, பிரிட்ஜுல வச்சு உருண்டை பிடிச்சுக்கலாம்.

அந்தச் சும்மா உடறதுதான் எனக்கு வரலீங்க. மூணு தடவை கெட்டுப் போச்சு. மூணு தடவையும் போன் பண்ணுனன். சரி, உண்மையைச் சொல்லீர்றன், மூணாந்தடவை கெடலை. சும்மா கெட்டுப் போச்சுன்னு சொன்னன். பேசறாளே.

உங்களுக்குக் கலியாணம் ஆயிருச்சுங்களா? அப்பப் புரியும். அத்தனை வருசத்துல அவ எங்கிட்ட இத்தனை பேசுனதில்லை தம்பி. "ஆறிருச்சுங்களா?" "பளபளன்னு இருக்குதுங்களா?" "கையில ஒட்டுதுங்களா?" ஒரு ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் பேசுனா. மனசு எறங்கிட்டா, இனி வந்துருவான்னு நான் நினைச்சுட்டன். நினைக்க மாட்டனா?

இதுல ஒரு கஷ்டம். கட்டி தீந்துட்டே வருது. பதினெட்டாவது கட்டி தீந்தப்ப எனக்குப் பயம் வந்துருச்சு. இதும் தீந்துட்டா என்னத்தைச் சொல்லி நான் போன் பண்ணுவன்? கடைசி ரெண்டு கட்டியையும் ஒரே நாள்ல உருக்குனன். கடலை, பேரீச்சம்பழம், உருண்டை, மூணையும் பண்ணி டிபன் பாக்ஸுல அடுக்கி, காத்தால மொதல் பஸ்ஸுல ஏறிட்டன். இன்னிக்கு அவளைக் கூட்டிட்டுத்தான் திரும்பறதுன்னு முடிவு பண்ணிட்டன். ஊடு பூராவும் கூட்டித் தொடச்சு வச்சுட்டு வந்திருக்கறனுங்க.

வத்சலா ஊட்டு முன் ரூம்பையே கிளாஸா மாத்தி வச்சிருக்கறா. நீள மேசை, நாலு பொண்ணுங்க. இவ ஏப்ரன் போட்டுட்டு நிக்கறா. எளச்சிருக்கறா, ஆனா நல்லா இருக்கறாளுங்க. "வாங்க"ன்னா. வத்சலா, "வாங்க மச்சான்"னு தண்ணி குடுத்தா. நான் டிபன் பாக்ஸைத் தொறந்து வச்சன். அவ கையைத் தொடச்சுட்டு ஒவ்வொண்ணா எடுத்து, அவசரப்படாம, கண்ணை மூடித் தின்னு பாத்தா. நான் கையைக் கட்டிட்டு அவ வாயையே பாக்கறன். கம்பெனியில இத்தனை வருசம் எம் மேசைக்கு முன்னால பொண்ணுங்க வந்து நின்னாங்களே, அவங்களுக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ என்னமோ.

"நல்லா இருக்குதுங்க"ன்னா.

டக்குன்னு சொல்லீட்டா தம்பி. யோசிக்கவே இல்லை. "கடலையைப் பக்குவமா வறுத்திருக்கறீங்க. உருண்டை எல்லாம் ஒரே அளவா இருக்குது"ன்னு சொல்லிட்டு அந்தப் பொண்ணுங்களையும் எடுத்துக்கச் சொன்னா. "ஆறு மாசத்துக்கு முன்னால இவருக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியாது"ன்னு சொன்னா. பெருமையாத்தான் சொன்னா. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு.

அப்ப அவ போனு அடிச்சுது. எடுத்து ஸ்பீக்கர்ல போட்டுட்டு, கை வேலையை உடாமப் பேசறா. அந்தப் பக்கம் யாரோ ஒரு பொண்ணு, மேல வெள்ளையாப் பூத்திருக்குதுங்கக்கான்னு அழுகற மாதிரிக் கேக்குது. இவ சொல்றா, "பூஞ்சை இல்ல கண்ணு. அதுல இருக்கற நெய் மேல வந்து நிக்குது. உருக்குனாச் சரியாப் போயிரும். பயப்படாத."

அதே குரலுங்க. ஒரு மாத்தமும் இல்லை. எனக்குப் பொக்குன்னு போயிருச்சு. வாராவாரம் அந்த ஒரு பேச்சை நான் மடியில முடிஞ்சு வச்சுட்டுத் திரிஞ்சனே. வத்சலா சொல்றா, "ஒரு நாளைக்கு இப்படி இருவது போனு வருது மச்சான்"னு.

போனை வச்சுட்டு அவ உள்ள போயி ஒரு தட்டுல நாலு சாக்லேட் எடுத்துட்டு வந்து எம் முன்னால வச்சா. "நீங்க நான் பண்ணுனதைச் சாப்பிட்டதே இல்லீங்களே"ன்னா.

நெசந்தானுங்க. எண்ணூறு சாக்லேட்டை எடுத்து டிக்கியில போட்டனே, ஒண்ணை வாயில போட்டுப் பாத்தனா? பாக்கலீங்க. கசக்கும்னு நானே முடிவு பண்ணிட்டன். பிரிச்சுப் பாக்காம ஒரு பீஸை நான் ஒதுக்குனதில்லை, என்ற சர்வீஸ்ல.

ஒண்ணை எடுத்து வாயில போட்டன். மொதல்ல மேல் ஓடு பட்டுன்னு ஒடையுது. உள்ள கருப்பட்டி. அப்புறம் சுக்கு, தொண்டைக்குள்ள லேசா ஏறுது. கசப்பு இருக்குது, ஆனா அது பாட்டுக்குப் பின்னால நிக்குது. நாலு பொண்ணுங்களும் என்னையே பாக்கறாங்க. வத்சலா வாசக்கால்ல சாஞ்சு நிக்கறா. இவ மட்டும் என்னையப் பாக்கலை. ஒண்ணுமே சிந்தாத மேசையைத் துணியால தொடச்சுட்டே இருக்கறா. நான் சொல்லப் போற ஒரு வார்த்தைக்குத்தான் அவ அப்படித் தொடச்சுட்டு நிக்கறான்னு எனக்குத் தெரியுது தம்பி. தெரியாம இல்லை. ரெண்டே வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு.

"கசப்பு துளி தூக்கலா இருக்குது அம்மிணி"ன்னு சொன்னன்.

அந்தப் பொண்ணுங்க தலையைக் குனிஞ்சுட்டாங்க. இவளுக்குக் கோவம் வரலீங்க. வந்திருந்தா நான் கால்ல கூட உழுந்திருப்பன். தொடச்ச துணியை மடிச்சு வச்சா. "ஆமாங்க, டார்க் சாக்லேட்டுன்னா அப்படித்தானுங்க"ன்னா. அப்புறம் சுவத்துக் கடியாரத்தைப் பாத்தா. "நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்குதுங்க. அதுல போனீங்கன்னா உக்கார எடம் கிடைக்கும்." பேத்திக்குன்னு அந்த டப்பாவைக் கட்டிக் குடுத்தா. வாசல் வரைக்கும் வந்தா. செருப்பைப் போட்டுட்டு நின்னன். கூட்டிட்டுப் போலாம்னு வந்தன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க? தூக்கலாத்தான் இருந்துச்சு. உள்ளதைச் சொன்னன். சொன்னாத்தான அடுத்த தடவை...

இல்லீங்க. தூக்கலா இல்லை. நல்லா இருந்துச்சு. நல்லா இருந்துச்சுங்க. அந்த மாதிரி ஒண்ணை நான் இத்தனை வயசுக்குத் தின்னதில்லை. உங்ககிட்டச் சொல்றதுக்கு வருது பாருங்க.

போன்லயா? இப்பவா? இந்த எறக்கத்துல டவர் கிடைக்காதுங்க. உங்களுதுல இருக்குதா? வேண்டாம் தம்பி, வையுங்க. இப்ப அவளுக்கு அடுத்த கிளாஸ் ஆரம்பிச்சிருக்கும். ஸ்பீக்கர்லதான் போடுவா. அந்தப் பொண்ணுங்க முன்னால நான் அழுதுருவன்.

சித்தெ தண்ணி இருந்தாக் குடுங்க. மேட்டுப்பாளையம் வந்துருச்சுங்களா? கதிர்வேலு பஸ் ஸ்டாண்டுல கார் வச்சுட்டு நிக்கறான். அம்மாவுக்கு எறக்கத்துல வந்தா அசதியா இருக்கும், முன் சீட்டைப் பின்னாலத் தள்ளிச் சாச்சு வைடான்னு நாந்தான் காத்தால சொல்லிட்டு வந்தன்.